கருவிப்பெட்டி வாங்கும்போது பெயருக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

கழன்று தொங்கும் கதவுக் கீல், ஆடும் நாற்காலிக் கால், சொட்டிக்கொண்டே இருக்கும் குழாய். இவற்றில் ஏதாவது ஒன்றுதான் பெரும்பாலும் ஒருவரை முதல் கருவிப்பெட்டி வாங்க வைக்கிறது. கடையில் போய் நின்றால் இரண்டு பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே அமைப்பு. ஒன்றில் எல்லோருக்கும் தெரிந்த பெயர், மற்றதில் யாரும் கேள்விப்படாத பெயர். விலையில் மட்டும் இரண்டு மடங்கு வித்தியாசம், சில நேரம் மூன்று மடங்கு. அந்தக் கூடுதல் பணம் எங்கே போகிறது, வீட்டில் சின்னச் சின்ன வேலைகளைத் தானே செய்துகொள்ளும் ஒருவருக்கு அதில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டிக்குப் பெயர் தேவையில்லை. பெட்டிக்குள் போகும் நான்கைந்து கருவிகளுக்குப் பெயர் தேவை. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

கருவிப்பெட்டி என்று கேட்டால் இரண்டு வேறு வேறு பொருள்களைக் காட்டுவார்கள். ஒன்று காலிப் பெட்டி. அதில் என்ன வைப்பது என்பது உங்கள் பாடு. இன்னொன்று கருவிகளோடு சேர்ந்தே வரும் செட். ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவத்திலேயே குழி வைத்து அச்சடித்த பிளாஸ்டிக் பெட்டியில் எல்லாம் அழகாகப் படுத்திருக்கும். இந்த இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும், அதனால் தனித்தனியாக எடுத்துக்கொள்வோம். முதலில் செட்.

நான் முதலில் வாங்கியது ஒரு செட். 108 உருப்படிகள் என்று அட்டையில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்து எண்ணினேன். ஸ்க்ரூடிரைவரில் மாட்டும் முனைகளான பிட்டுகள் 48, நட்டைக் கவ்வும் சாக்கெட்டுகள் 24, ஆறு பட்டை கொண்ட ஆலன் கீ 16, இதையும் அதையும் இணைக்கும் அடாப்டர்கள் 4. ஆக 92 போய்விட்டது. மிச்சம் 16. அதில் ஆறு ஸ்பேனர், நான்கு ஸ்க்ரூடிரைவர், சாக்கெட்டை மாட்டித் திருகும் கைப்பிடியான ராட்செட் ஒன்று, சுத்தியல், கட்டிங் பிளேயர், நீண்ட மூக்குக் குறடு, அளக்கும் டேப், கத்தி. 24 சாக்கெட்டில் பாதி அங்குல அளவு. என் வீட்டில் இருந்த நட்டு எல்லாமே மில்லிமீட்டர் அளவு. அந்தப் பன்னிரண்டும் இன்றுவரை தங்கள் குழியை விட்டு வெளியே வரவில்லை.

மூன்று ஆண்டுகள் கழித்து இன்னொரு முறை எண்ணினேன், இந்த முறை நான் உண்மையில் கையில் எடுத்தவற்றை. இருபதைத் தாண்டவில்லை. திரும்பத் திரும்ப எடுத்தது அதிலும் குறைவு: பிஎச்2 (பிலிப்ஸ் வகை நட்சத்திர முனை, 2ஆம் அளவு) பிட், 4 மற்றும் 5 மில்லிமீட்டர் ஆலன் கீ, 10 மற்றும் 13 மில்லிமீட்டர் சாக்கெட், கட்டிங் பிளேயர், டேப், சுத்தியல். இதில் வருத்தம் என்னவென்றால், அதிகம் பயன்பட்டவைதான் முதலில் போயின. பிட்டின் முனை மழுங்கியது. பிளேயரின் மூட்டு தளர்ந்து, வெட்டும் வாய்கள் ஒன்றையொன்று தாண்டிப் போயின. பயன்படாத எண்பது தொண்ணூறு உருப்படிகள் மட்டும் புதுப்பொலிவோடு இருந்தன. செட்டின் விலை எல்லா உருப்படிக்கும் பரவிக் கிடக்கும்போது, நாம் தினம் எடுக்கும் பிளேயருக்கு அதில் மிகச் சிறிய பங்குதான் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது.

அதனால் ஒரு கணக்கு சொல்கிறேன், செட் வாங்க நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் போட்டுப் பாருங்கள். விலையை அட்டையில் உள்ள எண்ணால் வகுக்க வேண்டாம். கையில் தனியாகப் பிடித்து வேலை செய்யக்கூடிய கருவிகள் எத்தனை என்று எண்ணி அதனால் வகுங்கள். பிட், ஆலன் கீ, அடாப்டர், கூடவே கொடுக்கும் ஆணிப் பொட்டலம் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். இந்தக் கணக்கில் 40 உருப்படிகள் கொண்ட சின்னச் செட் பல நேரம் 150 உருப்படிகள் கொண்ட பெரிய செட்டை எளிதாகத் தோற்கடிக்கும். பெயர் பெற்ற செட்டுகளுக்கும் பெயரில்லாத செட்டுகளுக்கும் இந்தக் கணக்கு ஒன்றே.

செட்டுக்கு நியாயம் செய்யாமல் விடக் கூடாது. வேலை முடிந்து மூடும்போது காலியாக இருக்கும் குழி உடனே கண்ணில் படும், எந்தக் கருவி ஏணியின் மேல் தங்கிவிட்டது என்று தேடித் தவிக்க வேண்டாம். கருவி என்று எதுவுமே இல்லாத வீட்டில், நாளைக்கே கட்டில் பூட்ட வேண்டும் என்ற நிலையில், ஒரே பெட்டியில் எல்லாம் கிடைப்பது பெரிய நிம்மதி. தனி வாழ்க்கை தொடங்கும் பிள்ளைக்குக் கொடுத்தனுப்ப அதைவிட வசதியான பொருள் இல்லை. அங்கே நடுத்தரமான, தெரிந்த பெயர் கொண்ட, 40 முதல் 60 உருப்படிகள் உள்ள ஒரு செட் வாங்குவதை நான் ஆதரிப்பேன். ஆனால் அந்தப் பெட்டி வளராது. ஒரு நல்ல குறடு வாங்கினால் அதற்கு அங்கே குழி இருக்காது. கொஞ்ச காலத்தில் குழிகளின் பிடி தளர்ந்து, மூடியைத் திறந்தவுடன் சாக்கெட்டுகள் பொலபொலவென்று கொட்டத் தொடங்கும். எப்படியும் ஒரு காலிப் பெட்டி தேவைப்படும் நாள் வந்தே தீரும்.

அடுத்து, பெயர் என்பது என்ன என்று கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் நாம் காசு கொடுப்பது அதற்குத்தான். ஸ்டான்லி 1843இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நியூ பிரிட்டன் என்ற ஊரில் தாழ்ப்பாளும் கீலும் செய்யத் தொடங்கிய நிறுவனம். பிளாக் அண்ட் டெக்கர் 1910இல் தொடங்கியது. இரண்டும் 2010இல் ஒன்றாகிவிட்டன. டிவால்ட்டை பிளாக் அண்ட் டெக்கர் 1960இலேயே வாங்கியிருந்தது. அமெரிக்காவின் சியர்ஸ் கடைகளின் அடையாளமாக இருந்த கிராஃப்ட்ஸ்மேன் பெயரும் 2017இல் இதே வீட்டுக்கு வந்து சேர்ந்தது, அதே ஆண்டில் இர்வினும் வந்தது. இன்னொரு பக்கம், மில்வாக்கியை 2005 முதல் நடத்துவது ஹாங்காங்கைத் தலைமையிடமாகக் கொண்ட டெக்ட்ரானிக் இண்டஸ்ட்ரீஸ். பல நாடுகளில் ரியோபி பெயரில் வரும் மின்கருவிகளும் அவர்களுடையவைதான்.

அலமாரியில் ஐந்து பெயர்கள் ஒன்றோடொன்று போட்டி போடுவதுபோலத் தெரிந்தாலும், அவற்றில் மூன்று ஒரே குடும்பத்துப் பிள்ளைகளாக இருக்கலாம். அதைவிட முக்கியம், ஒரே பெயருக்குள்ளேயே படிகள் இருக்கின்றன. பாஷ் பச்சை நிறத்தில் வீட்டுப் பயன்பாட்டுக்கும் நீல நிறத்தில் தொழில்முறை ஆட்களுக்கும் தனித்தனிக் கருவிகள் செய்கிறது. ஸ்டான்லியில் சாதாரண வரிசை ஒன்று, ஃபேட்மேக்ஸ் என்ற கனமான வரிசை ஒன்று. பெயர் ஒன்றுதான், உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றல்ல. ஆகவே பெயர் பெற்ற பெட்டி நல்லதா என்று கேட்பதைவிட எந்த வரிசையில் வரும் பெட்டி என்று கேட்பதுதான் பயன் தரும். விளம்பரத்தில் தச்சரும் மெக்கானிக்கும் பிடித்திருப்பது மேல்வரிசைக் கருவி. தள்ளுபடியில் நம் கைக்கு வருவது பெரும்பாலும் கீழ்வரிசை.

சரி, எந்தக் கருவிகளில் பெயர் வேலை செய்கிறது? இதில்தான் நான் நிதானமாக நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் பணம் மிச்சமாவதும் வீணாவதும் இங்கேதான்.

கிட்டத்தட்ட எல்லாக் கருவியிலும் குரோம் வனேடியம் என்று பொறித்திருக்கும். அது உருக்கில் என்ன கலந்திருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. அந்த உருக்கை எவ்வளவு சூடேற்றி, எப்படிக் குளிரவைத்து, எந்தப் பதத்தில் நிறுத்தினார்கள் என்பதைச் சொல்லாது. பதம் மிஞ்சினால் கருவி கண்ணாடிபோலத் தெறித்து உடையும், குறைந்தால் மெழுகுபோல மழுங்கும். இடைப்பட்ட அந்தப் பதத்தை ஒவ்வொரு கருவியிலும் ஒரே மாதிரி கொண்டுவருவதற்குத்தான் நல்ல நிறுவனங்கள் காசு வாங்குகின்றன. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத குணம் இது. நம்மால் சோதிக்க முடியாத இடத்தில் பெயரை நம்புவது நியாயம். சோதித்துப் பார்க்க முடிகிற இடத்தில் பெயருக்குக் கொடுப்பது வீண் செலவு. என் பிரிவினை முழுவதும் இந்த ஒரு அளவுகோலில்தான் நிற்கிறது.

ஸ்க்ரூடிரைவரும் பிட்டும் முதல் இடம். முனை மழுங்கிய பிட் கெடுப்பது தன்னை மட்டும் இல்லை, ஸ்க்ரூவின் தலையையும் கெடுத்துவிடும். தலை வழுக்கிப்போன ஸ்க்ரூவைக் கழற்றுவது எவ்வளவு பாடு என்பது ஒருமுறை பட்டவர்களுக்குத் தெரியும். எஸ்2 என்ற கருவி உருக்கில் செய்த நல்ல பிட்டுகள் பத்து வாங்கினால் ஒரு வீட்டுக்குப் பல ஆண்டுகள் போதும். இன்னொரு விஷயமும் இங்கே சொல்ல வேண்டும். நட்சத்திர முனை என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வகை உண்டு, பிலிப்ஸ் ஒன்று, போசிட்ரிவ் ஒன்று. ஸ்க்ரூத் தலையில் பெருக்கல் குறிக்கு நடுநடுவே மெல்லிய நான்கு கோடுகள் தெரிந்தால் அது போசிட்ரிவ், அதற்கு பிஇசட்2 முனை வேண்டும். பிஎச்2 வைத்துத் திருகினால் எவ்வளவு நல்ல பிட்டாக இருந்தாலும் நழுவும். கருவி மட்டம் என்று பழி போடப்படும் பல இடங்களில் உண்மையான காரணம் இந்தப் பொருத்தக் குறைதான்.

இரண்டாவது குறடுகள். கட்டிங் பிளேயரின் வெட்டும் வாயை மட்டும் தனியாகக் கடினமாக்க வேண்டும், மூட்டு ஆடாமல் ஆனால் இறுகாமல் இருக்க வேண்டும். ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் 1882 முதல் குறடு செய்துவரும் நிபெக்ஸ் போன்றவர்களின் பெயர் உலகம் முழுக்க நிற்பதற்குக் காரணம் இந்த ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் சரியாகச் செய்ததுதான். வீட்டுக்கு அவ்வளவு மேலே போக வேண்டுமா? தினமும் கம்பி வெட்டுபவர் இல்லையென்றால் கட்டாயமில்லை. ஆனால் ஒரு நல்ல குறடு வாங்கினால் அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துவிட்டுப் போகலாம். செட்டில் வரும் குறட்டை அப்படிக் கொடுக்க முடியாது. வாங்கும்போது வாயை மூடி வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். வெட்டும் ஓரங்களுக்கு இடையில் வெளிச்சம் கசியக் கூடாது. இரண்டு கைப்பிடிகளையும் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், மூட்டு அசையக் கூடாது.

ராட்செட் பற்றிப் பெயர் பெற்ற நிறுவனங்கள் அதிகம் பேசும். 72 பல் ராட்செட் என்றால் ஒவ்வொரு பல்லுக்கும் 5 டிகிரி, அதாவது கைப்பிடியை அவ்வளவு அசைத்தாலே அடுத்த பல்லில் பிடித்துக்கொள்ளும். 24 பல் என்றால் 15 டிகிரி அசைக்க வேண்டும். வண்டி எஞ்சினின் இடுக்கில் கையை விடுபவருக்கு இது பெரிய வித்தியாசம். கட்டில் கால் பூட்டுபவருக்கு வித்தியாசமே இல்லை. வீட்டு வேலைக்குச் சாக்கெட்டில் பெயரைத் தேட வேண்டியதில்லை. ஆறு முனை சாக்கெட்டா பன்னிரண்டு முனையா என்று மட்டும் பாருங்கள். ஆறு முனை சாக்கெட் நட்டின் பக்கவாட்டுத் தளத்தை நன்றாகப் பற்றும், துருப்பிடித்த நட்டின் மூலைகளை உருட்டிவிடாது.

டேப்பில் பெயரைவிட எழுத்தைப் பாருங்கள். நாடாவின் தொடக்கத்தில் ரோமன் எண்ணில் வகுப்பு அச்சிட்டிருக்கும். ஐரோப்பிய விதிப்படி இரண்டாம் வகுப்பு நாடா 5 மீட்டரில் 1.3 மில்லிமீட்டருக்கு மேல் பிசகக் கூடாது. முதல் வகுப்பு 0.6 மில்லிமீட்டர். அலமாரி மாட்டுவதற்கு இரண்டாம் வகுப்பு தாராளம். முனையில் உள்ள கொக்கி கொஞ்சம் ஆடுகிறதே என்று நல்ல டேப்பைத் திருப்பிக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அது ஆட வேண்டும். கொக்கியின் தடிமன் எவ்வளவோ அவ்வளவு முன்னும் பின்னும் நகர்ந்தால்தான், மாட்டி இழுத்து அளந்தாலும் சுவரில் முட்ட வைத்து அளந்தாலும் ஒரே அளவு வரும்.

சுத்தியல், ரசமட்டம், சின்ன ரம்பம், கத்தி ஆகியவற்றில் பெயர் பார்க்க வேண்டாம். சுத்தியலின் தலை பிடியில் அசையாமல் இருக்கிறதா, 450 கிராம் அளவில் கைக்கு அடங்குகிறதா, அவ்வளவுதான். ரசமட்டத்தை அங்கேயே சோதிக்கலாம். ஒரு மேசை மேல் வைத்துக் குமிழி நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அதே இடத்தில் மட்டத்தை இடம் வலமாகத் திருப்பி வையுங்கள். மேசை சாய்ந்திருந்தாலும் பரவாயில்லை, இரண்டு முறையும் குமிழி மேசையின் ஒரே பக்கமாக ஒரே அளவு ஒதுங்கி நின்றால் மட்டம் சரி. இது தெரிந்தவருக்கு ரசமட்டத்தில் பெயர் எதற்கு?

மின்சார வேலைக்கு மட்டும் நான் சமரசம் செய்வதில்லை. பிளேயரின் பிடியில் சிவப்பு ரப்பர் இருப்பதால் மட்டும் அது ஷாக் அடிக்காத கருவி ஆகிவிடாது. கை வழுக்காமல் இருக்கவும் ரப்பர் போடுவார்கள். மின்காப்புக்காகவே செய்து சோதித்த கருவியில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் ஐஇசி 60900 என்ற தர எண்ணும் இருக்கும். இந்தக் குறியைப் பொய்யாக அச்சிட்டால் நம்மால் கண்டுபிடிக்க முடியாது, அதனால் இங்கே தெரிந்த, பதில் சொல்லக் கூடிய பெயரைத்தான் வாங்க வேண்டும். அப்படி வாங்கிய பிறகும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

இனி காலிப் பெட்டிக்கு வருவோம். என்னிடம் இருந்த ஒரு பெட்டி படிக்கட்டில் இறங்கும்போது திறந்துகொண்டது. கீழ்ப்படி வரைக்கும் ஆணியும் பிட்டும் உருண்டன, சுத்தியல் என் காலுக்குப் பக்கத்தில் விழுந்தது. அது நல்ல பெயர் பெற்ற பெட்டி. அன்று உட்கார்ந்து அதன் அமைப்பைப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. கைப்பிடி மூடியோடு சேர்ந்திருந்தது. அப்படியானால் தூக்கும்போது உள்ளே இருக்கும் மொத்த எடையையும் முன்பக்கம் இரண்டு தாழ்களும் பின்பக்கம் கீலும்தான் தாங்குகின்றன. ஒரு தாழ் சரியாகப் பூட்டவில்லை என்றால் கதை முடிந்தது. கைப்பிடி பெட்டியின் உடலோடு பிணைந்திருந்தால் மூடி திறந்தே கிடந்தாலும் எதுவும் கொட்டாது. அன்றிலிருந்து எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அடுத்து கீல். மலிவான பெட்டிகளில் மூடியும் உடலும் சேரும் இடத்தில் பிளாஸ்டிக்கையே மெல்லியதாக்கி மடங்க விட்டிருப்பார்கள். சில ஆண்டுகளில் அது வெளுத்து, கோடு விழுந்து, பிய்ந்துவிடும். பின்பக்கம் முழு நீளத்துக்கும் ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறதா என்று பாருங்கள். தாழ் உலோகமாக இருந்தால் நல்லது, பிளாஸ்டிக்காக இருந்தால் தடிமனாக இருக்க வேண்டும். மூடியின் இரண்டு மூலைகளைப் பிடித்து முறுக்கிப் பாருங்கள், துணிபோல வளைந்தால் வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். கைப்பிடி, கீல், தாழ், மூடி. பெட்டி உடைகிற இடங்கள் இந்த நான்குதான், நான்கையும் இரண்டே நிமிடத்தில் நின்ற இடத்திலேயே சோதிக்கலாம். முன்பு சொன்ன அளவுகோல்படி, சோதிக்க முடிகிற பொருளில் பெயருக்குக் கொடுக்கத் தேவையில்லை. இந்தச் சோதனையில் தேறிய பெயரில்லாப் பெட்டிகளும் உண்டு, தவறிய பெரிய பெயர்களும் உண்டு.

இரும்பா, பிளாஸ்டிக்கா என்று கேட்பார்கள். கைப்பிடியை விரித்தால் இரண்டு பக்கமும் படிப்படியாகத் திறக்கும் ஐந்து தட்டு இரும்புப் பெட்டி எனக்கு மனதளவில் மிகவும் பிடித்தது. ஒரே பார்வையில் எல்லாக் கருவியும் தெரியும், மேலே ஏறி நின்றாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் அதன் காலி எடையே 5 கிலோவை ஒட்டி வரும். பெயிண்ட் உரிந்த இடத்தில் துருப்பிடிக்கும், தரை ஓட்டில் கீறல் விழும். ஓரிடத்தில் நிலையாக இருக்கப்போகும் பெட்டி என்றால் தயங்காமல் வாங்கலாம். அறை அறையாகத் தூக்கிப் போக வேண்டும் என்றால் பாலிபுரொப்பிலீன் பெட்டிதான் சரி. அதை வெயிலில் மட்டும் வைக்காதீர்கள். புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு அந்த பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், எந்தப் பெயராக இருந்தாலும் சரி.

அளவைப் பொறுத்தவரை 16 அங்குலமும் 19 அங்குலமும் வீட்டுக்கு ஏற்றவை. சுத்தியலின் நீளம் சுமார் 33 சென்டிமீட்டர். 12 அங்குலப் பெட்டியில் அது படுக்காது. 24 அங்குலம் வாங்கினால் நிரப்பத் தோன்றும், நிரப்பினால் தூக்க முடியாது. பெரிய பெட்டி வாங்கிய பலர் கடைசியில் தேவையான இரண்டு கருவியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு போகிறார்கள், பெட்டி மூலையிலேயே கிடக்கிறது.

இப்போது அதிகம் ஆசை காட்டுவது ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டி அடுக்கும் பெட்டிகள். இந்த யோசனை புதிதல்ல. மின்கருவி செய்யும் ஃபெஸ்டூலின் சகோதர நிறுவனமான டானோஸ் 1993லேயே சிஸ்டெய்னர் என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. மில்வாக்கி 2017இல் பேக்அவுட் வரிசையை வெளியிட்ட பிறகு இது பெரிய மோகமாகப் பரவியது. டிவால்ட்டுக்கு டஃப்சிஸ்டம், டி-ஸ்டாக் என்று இரண்டு வரிசைகள், பாஷுக்கு எல்-பாக்ஸ். எல்லாம் அருமையாகச் செய்தவை, இதை மனதாரச் சொல்கிறேன். வேனில் ஏற்றி, இறக்கி, மழையில் நனைத்து, கட்டுமான இடத்தில் இழுத்துப்போகும் தொழிலாளிக்கு இது கொடுத்த காசுக்கு மேல் உழைக்கும்.

வீட்டுக்கு? இங்கே நான் உறுதியாக வேண்டாம் என்கிறேன். ஒரு நிறுவனத்தின் பெட்டி பெரும்பாலும் இன்னொன்றின் மேல் பூட்டாது. டிவால்ட்டின் இரண்டு வரிசைகளே நேராக ஒன்றின்மேல் ஒன்று பூட்டாது. முதல் பெட்டி வாங்கும்போதே அடுத்த நான்கு பெட்டிகளை யாரிடம் வாங்குவது என்று முடிவாகிவிடுகிறது. அப்புறம், அடுக்கில் கீழே இருக்கும் பெட்டியைத் திறக்க மேலே இருப்பதை எல்லாம் கழற்றி வைக்க வேண்டும். நமக்கு வேண்டியது எப்போதும் கீழேதான் இருக்கும். பெட்டியின் சொந்த எடையும் அதிகம். ஐபி65 தரம் என்று எழுதியிருப்பார்கள். 6 என்றால் தூசி உள்ளே புகாது, 5 என்றால் எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் பீய்ச்சினாலும் பாதிப்பு வராது. வீட்டு அலமாரிக்குள் தண்ணீரை யார் பீய்ச்சப் போகிறார்கள்? இன்னொரு பக்கமும் உண்டு. ஈரக் கையோடு எடுத்த கருவியைத் துடைக்காமல் இறுக மூடும் பெட்டியில் வைத்தால் அந்த ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நின்று துருப்பிடிக்க வைக்கும். அப்படிப்பட்ட பெட்டி வைத்திருப்பவர்கள் உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமாவது போட்டு வையுங்கள்.

துணிப்பை வகை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இலகுவானது, சுவரையும் தரையையும் கீறாது, கார் டிக்கியில் எப்படியும் அடங்கும். வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பவர்களுக்கு நல்ல தேர்வு. அடிப்பகுதி கெட்டியான ரப்பரோ பிளாஸ்டிக்கோ என்று மட்டும் பார்த்தால் போதும். உளி, ரம்பம் வைக்க ஏற்றதல்ல.

பெயர் பெற்ற கருவிக்கு ஆதரவாகச் சொல்லப்படும் பெரிய வாதம் ஆயுட்கால உத்தரவாதம். அது வெறும் பேச்சு இல்லை, உண்மையான மதிப்பு அதற்கு உண்டு. ஆனால் நிபந்தனையை ஒருமுறை படியுங்கள். பொதுவாக அது கைக்கருவிகளில் செய்நேர்த்திக் குறைக்கு மட்டும். தேய்மானத்துக்கும் தவறான பயன்பாட்டுக்கும் பொருந்தாது. ஸ்க்ரூடிரைவரை உளியாக அடித்து உடைத்தால் பேச்சுக்கே இடமில்லை. பிட், கத்தி அலகு போன்றவை தேயும் பொருள்கள் என்று ஒதுக்கப்பட்டிருக்கும். செட்டோடு வரும் பிளாஸ்டிக் பெட்டிக்கும் மின்கருவிக்கும் பெரும்பாலும் வேறு, குறுகிய கெடு. இதற்கெல்லாம் மேல், உடைந்ததை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது, ரசீது இல்லாமல் மாற்றித் தருவார்களா என்று வாங்கும் இடத்திலேயே கேட்டுவிடுங்கள். நேரில் போய் மாற்றிக்கொள்ள முடிந்தால் பெயருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். அஞ்சலில் அனுப்பி வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றால், ஒரு ஸ்பேனருக்காக யாரும் அதைச் செய்வதில்லை.

பேட்டரி டிரில்லும் சேர்ந்து வரும் பெட்டி என்றால் யோசனை முற்றிலும் மாறுகிறது. அங்கே நீங்கள் தேர்ந்தெடுப்பது பெட்டியை இல்லை, பேட்டரியை. இன்று வாங்கும் டிரில்லின் பேட்டரிதான் நாளைக்கு வாங்கும் ரம்பத்துக்கும் சாண்டருக்கும் பொருந்த வேண்டும், அதனால் இங்கே பெயரும் அந்தப் பெயர் நீடித்து நிற்குமா என்பதும் முக்கியம். 18 வோல்ட், 20 வோல்ட் என்ற எண்களில் மயங்க வேண்டாம். டிவால்ட்டின் 20வி மேக்ஸ் பேட்டரியும் சாதாரண நிலையில் 18 வோல்ட்தான். முழு சார்ஜ் ஏறியவுடன் காட்டும் உச்ச அளவு 20. உள்ளே இருப்பது தொடராக இணைத்த அதே ஐந்து செல்கள்தான். சுவரில் எப்போதாவது நான்கு துளை போடுபவருக்குக் கம்பி இணைத்த சாதாரண டிரில் ஒன்று போதும். அதில் வயதாகிச் சாகப் பேட்டரியே இல்லை.

என்னிடம் கேட்பவர்களுக்கு, ஆளைப் பார்த்துத்தான் பதில் சொல்கிறேன். கருவியே இல்லாதவர், ஆர்வமும் அதிகம் இல்லாதவர் என்றால் தெரிந்த பெயரில் சின்னச் செட் ஒன்று, அதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஏற்கெனவே நான்கு கருவி வைத்திருப்பவர் செட் பக்கம் போகவே வேண்டாம். சோதனையில் தேறிய ஒரு காலிப் பெட்டி, நல்ல பிட்டுகள், நல்ல கட்டிங் பிளேயர், தாடை ஆடாத 10 அங்குல அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் ஒன்று, இரண்டாம் வகுப்பு டேப். மற்றதெல்லாம் தேவை வரும்போது ஒவ்வொன்றாக. தச்சு வேலை கற்றுக்கொள்ள ஆசைப்படுபவர் பெட்டிக்கு வைத்த பணத்தை அப்படியே உளிக்கும் தீட்டுக்கல்லுக்கும் திருப்பிவிடலாம். சாமான்களை அட்டைப்பெட்டியில் வைத்திருந்தாலும் உளி கூர்மையாக இருந்தால் வேலை நடக்கும்.

என் வீட்டில் இப்போது இருப்பது 19 அங்குல பிளாஸ்டிக் பெட்டி ஒன்று. அதன் பெயர் எனக்கே நினைவில்லை, ஒட்டியிருந்த தாளும் உரிந்துவிட்டது. கைப்பிடி உடலோடு சேர்ந்தது, பின்னால் இரும்புக் கம்பி ஓடுகிறது. உள்ளே மேல்தட்டில் பிட்டுகள், டேப், டெஸ்டர். கீழே இரண்டு குறடு, ஸ்பேனர், சுத்தியல், சின்ன ரசமட்டம். எல்லாம் சேர்ந்து 6 கிலோ இருக்கும், ஒரு கையில் ஏணி, ஒரு கையில் இது என்று மாடிக்குப் போய்விடலாம். பழைய 108 உருப்படிச் செட் பரண்மேல் இருக்கிறது. அதிலிருந்து 10, 13 மில்லிமீட்டர் சாக்கெட்டுகளை எடுத்து இந்தப் பெட்டியில் போட்டுவிட்டேன்.